தரகும் நாணயமும்

(மூன்றாம் ஆண்டு, வணிகவியல்)

தரகு என்ற சொல்லுக்கு நம் ஊர்ப்புறங்களில் நல்ல பெயர் இல்லை. வீட்டுத் தரகர், நிலத் தரகர், மாட்டுத் தரகர், கல்யாணத் தரகர் எனப் பலர் நம் வாழ்வில் வந்து போகிறார்கள். அவர்கள் இன்றிக் காரியங்கள் நடப்பதில்லை. ஆயினும் காரியம் முடிந்ததும் அவர்களை யாரும் வாழ்த்துவதில்லை. "தரகன் பேச்சுத்தானே!" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம்.

அப்படிப்பட்ட தரகர் ஒருவரின் பேத்தி நான். என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையிலும், சுற்று வட்டாரத்து வாரச் சந்தைகளிலும் ஐம்பது ஆண்டுகள் மாட்டுத் தரகராக இருந்தவர். இன்று வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தோளில் துண்டு மட்டும் அப்படியே கிடக்கிறது.

நான் எழுத வந்தது என்னைப் பற்றி. சென்ற ஒன்றரை ஆண்டாக நானும் ஒரு தரகுக்காரியாக இருந்து வருகிறேன். அப்புச்சியின் சந்தை ஊர் மைதானத்தில் கூடியது. என் சந்தை இணையத்தில் கூடுகிறது. 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' என்று பெயர் சூட்டிக்கொண்டிருக்கும் இத்தொழிலில் நான் பெற்ற பணத்தையும், பெறக் கூடாத வழியில் பெற்ற பணத்தையும் மறைக்காமல் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கல்லூரியில் இத்தொழிலைத் தொடங்கியிருப்போரும் தொடங்க நினைப்போரும் சிலர் உண்டு என்பதை அறிவேன். அவர்களுக்கு இது பயன்படலாம்.

என் அம்மா தையற்காரி. எங்கள் வீட்டுத் திண்ணையில் பழைய மிதி மெஷின் ஒன்று இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை என அம்மா அதில் தைத்த துணிகளுக்குக் கணக்கில்லை. அப்பா விசைத்தறிக் கூலி. தறி ஓடாத மாதங்களில் அந்த மெஷின்தான் எங்கள் அடுப்பை எரித்தது. மிதித்து மிதித்து அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இரவில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "ஒரு மோட்டார் மாட்டிட்டாத் தேவலை" என்பார். மோட்டாரும் மாட்டுக் கூலியுமாக 2,400 ரூபாய் ஆகும் என்று மெஷின் பழுது பார்ப்பவர் சொல்லியிருந்தார். அந்த 2,400 ரூபாய் எங்கள் வீட்டில் ஒருபோதும் ஒன்றாகச் சேர்ந்ததில்லை. ஏதேனும் ஒரு செலவு முந்திக்கொள்ளும்.

முதலாம் ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில்தான் இந்த எண்ணம் எனக்கு உதித்தது. புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு மாதந்தோறும் கிடைத்த 1,000 ரூபாயில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். அதில் ஓர் இணையத்தளத்துக்குப் பெயர் பதிவு செய்து, ஓராண்டுக்கு இட வாடகையும் கட்டினேன். தையல் பற்றித் தமிழில் எழுதுவது, அதன் வழியே தரகு பெறுவது என்பது திட்டம்.

இத்தொழிலின் வரலாற்றைச் சற்றுச் சொல்ல வேண்டும். அமேசான் நிறுவனம் 1996-ஆம் ஆண்டு ஜூலையில் 'அசோசியேட்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அது ஒரு புத்தகக் கடை. தோட்டக்கலை பற்றித் தளம் நடத்தும் ஒருவர் தோட்டக்கலை நூல்களைத் தம் வாசகருக்குப் பரிந்துரைப்பார்; வாசகர் அந்த இணைப்பின் வழியே சென்று நூலை வாங்கினால், பரிந்துரைத்தவருக்கு விலையில் ஒரு பங்கு கிடைக்கும். இதுதான் அடிப்படை. இன்று ஊசி முதல் குளிர்பெட்டி வரை எல்லாப் பண்டங்களுக்கும், எத்தனையோ நிறுவனங்களிடம் இத்தகைய திட்டங்கள் உள்ளன.

யார் வழியாக வாங்குபவர் வந்தார் என்பதைக் கடை எப்படி அறிகிறது? நமக்கென்று ஓர் அடையாளக் குறியைத் தருகிறார்கள். நாம் இடும் ஒவ்வோர் இணைப்பின் முகவரியிலும் அக்குறி ஒட்டியிருக்கும். வாசகர் அதைச் சொடுக்கியதும் அவரது கைப்பேசியிலோ கணினியிலோ 'குக்கீ' என்ற சிறு குறிப்பு ஒன்று பதிந்துகொள்ளும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி 1994-இல் உருவாக்கிய உத்தி இது. அக்குறிப்புக்கு ஆயுட்காலம் உண்டு. அமேசானில் அது 24 மணி நேரம். அதற்குள் வாசகர் வாங்கினால் தரகு நமக்கு. மறுநாள் யோசித்து நேரே கடைக்குப் போய் வாங்கினால் நமக்கு ஒன்றும் இல்லை. வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டாலும் எழுதிய தரகை அடித்துவிடுவார்கள். அதனால்தான் விற்ற பணம் உடனே கைக்கு வருவதில்லை. இரண்டு மாதங்கள் வரை காத்திருக்க வேண்டும்.

வாங்குபவருக்கு இதனால் விலை கூடுவதில்லை. தரகைக் கொடுப்பது கடைதான். ஆகவே இதில் யாருக்கும் நட்டம் இல்லை என்று நான் எண்ணினேன். வணிகவியல் மாணவியின் கணக்கு அது. கணக்கில் வராத நட்டம் ஒன்று உண்டென்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

தொடக்கத்தில் நான் எழுதியவை எல்லாம் அம்மாவின் வாயிலிருந்து வந்தவை. "மெல்லிய துணிக்கு 11-ஆம் எண் ஊசி, பருத்திக்கு 14, முரட்டுத் துணிக்கு 16" என்று அம்மா சொல்வார், நான் எழுதுவேன். அடித்தையல் தொங்கினால் மேல் நூலின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். பாபினில் நூல் ஏறுமாறாகச் சுற்றியிருந்தால் தையல் தாவும். ஒரு சொட்டு எண்ணெய் போதும், இரண்டு சொட்டு விட்டால் துணி கறையாகும். இவற்றையெல்லாம் படத்துடன் எழுதினேன். கடைசியில் ஊசிப் பெட்டி, பாபின், அளவு நாடா, கத்தரிக்கோல் என்று அம்மா நாள்தோறும் கையாளும் பொருள்களுக்கு இணைப்புத் தந்தேன்.

முதல் இரண்டு மாதங்கள் ஒரு காசும் வரவில்லை. மூன்றாம் மாதம் யாரோ ஒருவர் கத்தரிக்கோல் ஒன்றை வாங்கினார். தரகு 19 ரூபாய். அந்த 19 ரூபாயைத் திரையில் பார்த்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை என்னவென்று சொல்வேன்! எங்கோ முகம் தெரியாத ஊரில் ஒருவர், என் அம்மாவின் சொல்லை நம்பிக் கத்தரிக்கோல் வாங்கியிருக்கிறார்! அம்மாவிடம் சொன்னேன். "எந்தக் கத்தரி? நான் சொன்னனே, அதா? அப்பச் சரி" என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மாதங்களில் மொத்தம் 1,270 ரூபாய் சேர்ந்தது. சிறு பொருள்களாதலால் தரகும் சிறிது. மோட்டாருக்குப் பாதித் தொலைவு வந்துவிட்டேன். ஆனால் மீதிப் பாதி எனக்கு நெடுந்தொலைவாகத் தெரிந்தது.

அப்போதுதான் ஆசை வந்தது. இத்தொழில் நடத்தும் ஒருவர், "ஊசியும் நூலும் எழுதினால் ஊசியும் நூலும்தான் கிடைக்கும். மெஷினை எழுது. 'சிறந்த ஐந்து மெஷின்கள்' என்று எழுது. எல்லாரும் அதைத்தான் தேடுகிறார்கள்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். நான் சேர்ந்திருந்த திட்டத்தில், வீட்டு உபயோகத்துக்கென விற்கும் சிறிய மின் தையல் மெஷின்களுக்கு நூற்றுக்கு ஏழு வீதம் தரகு. பிளாஸ்டிக் உடல், நான்கு பேட்டரியிலோ சிறு அடாப்டரிலோ ஓடக்கூடியது, விலை 1,799 ரூபாய். ஒன்று விற்றால் 126 ரூபாய்! கத்தரிக்கோலை மறந்தேன்.

அத்தகைய மெஷின் ஒன்றையும் நான் கையால் தொட்டதில்லை. கடையின் விளம்பர வாசகங்களையும், வாங்கியவர்கள் எழுதியிருந்த கருத்துகளையும் படித்தேன். கசப்பான கருத்துகளைத் தாண்டிச் சென்று, இனிப்பானவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டேன். ஐந்து மெஷின்களை வரிசைப்படுத்தினேன். முதலிடம் பெற்றது எது? தரகு மிகுதியாகக் கிடைத்தது. அதற்குக் கீழே நான் எழுதிய வாக்கியம் இன்றும் எனக்கு மனப்பாடம்: "நானே இதில் ரவிக்கை தைத்துப் பார்த்தேன். லைனிங் வைத்தும் தையல் சீராக ஓடுகிறது."

பக்கத்தின் அடிக்கோடியில், இந்த இணைப்புகளால் எனக்குத் தரகு வரும் என்ற அறிவிப்பை ஆங்கிலத்தில் ஒரே வரியாக, பிறர் தளத்திலிருந்து எடுத்து ஒட்டியிருந்தேன். என் தளத்துக்கு வருவோர் பெரும்பாலும் தமிழ் மட்டும் படிக்கும் பெண்கள். அவர்களுக்கு அந்த வரி புரியாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அது தீபாவளி நேரம். அந்தப் பக்கம் மட்டும் 17 மெஷின்களை விற்றுக் கொடுத்தது! தரகு 2,142 ரூபாய். பணம் தை மாதம் கைக்கு வரும். பொங்கல் கழிந்ததும் அம்மாவுக்கு மோட்டார் என்று முடிவு செய்தேன். நாட்காட்டியில் தேதியைக்கூடச் சுழித்து வைத்தேன்.

தை பிறந்தது. பணமும் வந்தது. அதே வாரத்தில் ஒரு நாள் மாலை, நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது எங்கள் திண்ணையில் பின் தெரு அக்கா உட்கார்ந்திருந்தார். கணவர் விபத்தில் கால் முறிந்து படுத்த பிறகு, அம்மாவிடம் தையல் கற்றுக்கொண்டு தாமே தைக்கத் தொடங்கியவர் அவர். மடியில் ஒரு சிறிய வெள்ளை மெஷின். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்கக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. நேத்துலருந்து ஓடவே மாட்டீங்குது. சூடாகி ஒரு நாத்தம் வந்துச்சு, அதோட நின்னு போச்சு" என்றார்.

அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். "எதைத் தச்ச அம்மிணி?"

"முகூர்த்த ரவிக்கைங்க. பொடவையில வந்த பட்டுத் துணி. லைனிங் வச்சுத் தைக்கச் சொன்னாங்க. ரெண்டு மாசமா ஓரம் அடிக்கறதுக்கெல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு. தோள் மூட்டுல நாலு மடிப்பு வந்த எடத்துல துணியை உள்ள இழுத்துக் கிழிச்சுப்போட்டுச்சுங்க" என்று பையிலிருந்து அந்தத் துணியை எடுத்துக் காட்டினார். மயில் கழுத்து நிறப் பட்டு. கை வைக்கும் இடத்தில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல். புடவையோடு நெய்து வந்த துணி. வேறு துணி வாங்கி ஈடு செய்யவும் முடியாது. கல்யாணத்துக்கு நான்கே நாள்கள்.

"இதை ஆரு வாங்கச் சொன்னது?" என்று அம்மா கேட்டார்.

"போன்லதானுங்க பார்த்தேன். ஆரோ ஒரு புள்ள தமிழ்லயே எழுதியிருந்துச்சு. தானே ரவிக்கை தச்சுப் பார்த்தேன், லைனிங்கும் நல்லா ஓடுதுன்னு போட்டிருந்துச்சுங்க. அதை நம்பித்தான் சீட்டு எடுத்த பணத்துல வாங்கினேன்."

அம்மா மெஷினைக் கீழே வைத்தார். "எழுதுன புள்ள தைக்கறவளா இருக்க மாட்டா. தைக்கறவளா இருந்தா இதுல லைனிங் ஓடும்னு எழுதியிருக்கவே மாட்டா" என்றார்.

நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் என்னென்ன எழுதுகிறேன் என்பது அம்மாவுக்கு முழுதும் தெரியாது. அக்காவுக்கோ அந்தத் தளம் என்னுடையது என்பதே தெரியாது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "காப்பி போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அம்மா அன்றிரவு வெகு நேரம் விழித்திருந்து அந்தத் துணியைக் காப்பாற்றினார். முழங்கை வரை வர வேண்டிய கையைக் குட்டைக் கையாக வெட்டி, கிழிசலை ஒதுக்கி, வெட்டிய துண்டின் சரிகைக் கரையை எடுத்து ஓரத்தில் வைத்துத் தைத்தார். மிதிகட்டையின் ஓசை என் படுக்கை வரை வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் அந்த முழங்கால் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். பெண் வீட்டார் ரவிக்கையை வாங்கிக்கொண்டு கூலி தர மறுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்புச்சி வந்திருந்தார். வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன்: "அப்புச்சி, நீங்க விக்கறவங்ககிட்டயும் காசு வாங்குவீங்களா, வாங்கறவங்ககிட்டயும் வாங்குவீங்களா?"

"ரெண்டு பக்கமும்தான் வாங்குவேன்" என்று சிரித்தார். "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு வாங்குவேன்."

பிறகு தோள் துண்டை எடுத்து என் கை மேல் போட்டு, அதற்குள் என் விரல்களைப் பிடித்து அழுத்திக் காட்டினார். இத்தனை விரல் என்றால் இத்தனை ஆயிரம். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் விலை பேசும் முறை அது. "துண்டுக்குள்ள இருக்கறது வெலை கண்ணு. அதை ஊரு பாக்க வேண்டியதில்லை. என்ற கூலி துண்டுக்கு வெளியே இருக்கோணும். அதை எல்லாரும் பாக்கோணும்."

"மாட்டைப் பாக்காமயே பேசியிருக்கீங்களா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "ஒருக்காப் பேசினேன். வாயைத் தொறந்து பல்லைப் பாக்கலை, நாலு எட்டு நடத்திப் பாக்கலை. விக்கறவன் ரெட்டைக் கூலி தர்றேன்னான். வாங்குனவன் ஏர்ல பூட்டுன அன்னைக்கே மாடு காலைத் தாங்கிட்டு நின்னுருச்சு. அடுத்த சந்தையில துண்டைப் போட்டுட்டு நிக்கறேன், ஒருத்தனும் உள்ள கை விடலை. வாங்குன கூலியைக் கொண்டு போயி அவன் ஊட்லயே குடுத்துட்டு வந்தேன். அதுக்கப்புறமும் ஆறு மாசம் ஆச்சு."

அப்புச்சி பள்ளிக்கூடம் போகாதவர். அவர் சொன்ன இரண்டும் இன்று நம் நாட்டில் எழுதப்பட்ட விதிகளாக இருக்கின்றன என்பதை அன்று மாலைதான் தேடிப் படித்தேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவரின் கருத்து உண்மையானதாகவும், அப்பொருளைப் பற்றிய போதிய தகவலையோ அனுபவத்தையோ அடிப்படையாகக் கொண்டதாகவும் இருக்க வேண்டும். விற்பவரிடமிருந்து தமக்குப் பயன் ஏதேனும் கிடைத்தால் அதை அவர் வெளிப்படுத்த வேண்டும். 2023 ஜனவரியில் வந்த விளக்கக் குறிப்பு இன்னொன்றையும் சேர்த்தது: எந்த மொழியில் பரிந்துரைக்கிறாரோ அந்த மொழியிலேயே, கண்ணில் படும்படி அதை வெளிப்படுத்த வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. மாட்டைப் பார்க்காமல் பேசியதும், கூலியைத் துண்டுக்குள் மறைத்ததும் ஆகிய இரண்டு குற்றங்களையும் ஒரே பக்கத்தில் செய்திருந்தேன்.

இத்தொழிலில் என்னினும் பெரிய தவறு செய்தவர்கள் உண்டு. ஈபே நிறுவனத்தின் தரகுத் திட்டத்தில், வாசகர் சொடுக்காமலேயே அவர் கணினியில் குக்கீயைத் திணித்துத் தரகு பெற்ற வழக்கில், அமெரிக்காவில் 2014-இல் இருவர் சிறைத் தண்டனை பெற்றனர். அதைப் படித்தபோது, 'நான் அந்த அளவுக்குப் போகவில்லையே' என்று ஒரு கணம் ஆறுதல் வந்தது. ஆனால் அவர்கள் ஏமாற்றியது ஒரு பெரு நிறுவனத்தை. நான் ஏமாற்றியது யாரை? என் அம்மாவிடம் தையல் படித்த ஒருவரை.

இரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடித்த பிறகு மிதிப்பதை நிறுத்தினார்.

"அந்த மெஷினுக்கு உனக்கு எத்தனை ரூவா வந்துச்சு?"

"நூத்தி இருபத்தாறு."

"அதுக்கா?" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் அழுதேன். வெகு நேரம் கழித்து, "அந்தப் புள்ளைக்கு மெஷின் பணத்தைக் குடுத்துரு. மோட்டார் இல்லாம இத்தனை வருசம் நான் ஓட்டலையா?" என்றார்.

மறுநாள் அக்காவின் வீட்டுக்குப் போனேன். என் வாழ்நாளில் நான் நடந்த மிக நீண்ட தெரு அது! எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "நீயா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். 1,799 ரூபாயைக் கொடுத்துவிட்டு மெஷினை வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது அவர் பிற்பகல்களில் எங்கள் திண்ணைக்கு வந்து அம்மாவின் மெஷினில் தைக்கிறார். அந்த நேரத்தில் அம்மா துணி வெட்டுகிறார். என்னிடம் முன்போலப் பேசுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். முன்போலவே பேசுகிறாரா என்று நான் இன்னும் கவனித்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்தப் பக்கத்தை அழித்துவிடலாமா என்று எண்ணினேன். அழித்தால் என் தவறு மறையுமே தவிர, ஏமாந்தவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே திருத்தி எழுதினேன். தலைப்பில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதினேன்: "இப்பக்கத்தின் இணைப்பு வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குத் தரகு கிடைக்கும். கீழே உள்ள ஐந்து மெஷின்களில் நான்கை நான் தொட்டதே இல்லை. ஐந்தாவது என் வீட்டில் பழுதாகிக் கிடக்கிறது. முன்பு இங்கே தைத்துப் பார்த்ததாக எழுதியிருந்தேன், அது பொய்." அதன் கீழே, அந்த மெஷினால் எது முடியும், எது முடியாது என்பதை அம்மாவைக் கொண்டு சோதித்து எழுதினேன். எங்கள் ஊர் மெக்கானிக் அதன் மோட்டாரை ஒருவாறு சரி செய்து கொடுத்திருந்தார். ஒற்றைத் துணியில் ஓரம் அடிக்கலாம். பட்டு, லைனிங், ஜீன்ஸ் கூடாது. தொழிலாகத் தைக்க நினைப்பவர், நம்பிக்கையான மெக்கானிக்கிடம் பழைய மிதி மெஷின் ஒன்றைப் பார்த்து வாங்குவதே மேல் என்றும் எழுதினேன். அந்த யோசனைக்கு எனக்குத் தரகு தருவார் யாரும் இல்லை.

விற்பனை விழுந்தது. ஒரு மெஷினுக்கு 126 ரூபாய் வந்த காலம் போய், மீண்டும் ஊசிப் பெட்டிக்கும் கத்தரிக்கோலுக்கும் திரும்பிவிட்டேன். மாதம் 200 வரும். சில மாதம் 300 வரும். ஆனால் படிப்பவர்கள் இப்போது கேள்வி கேட்டு எழுதுகிறார்கள். "எங்கள் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, என்ன செய்ய?" என்பார்கள். அம்மாவிடம் கேட்டுப் பதில் எழுதுகிறேன்.

இத்தொழிலுக்கு வர நினைக்கும் நண்பர்களுக்கு நான் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். இது விரைவில் பணம் தரும் தொழில் அன்று. முதல் ரூபாயைப் பார்க்க மூன்று மாதங்கள் பிடித்தன. நிலையான வருவாயும் அன்று; தரகு விகிதம் கடைக்காரர் கையில் இருக்கிறது. அமேசான் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் வீட்டுப் பொருள்களுக்கான தரகை ஒரே நாளில் நூற்றுக்கு 8-லிருந்து 3 ஆகக் குறைத்தது. அதை நம்பிக் குடும்பம் நடத்தியவர் நிலை என்ன ஆயிருக்கும்! உங்கள் இணைப்பின் வழியே நீங்களே வாங்கித் தரகு பெறப் பார்க்காதீர்கள். பல திட்டங்கள் அதைத் தடை செய்கின்றன. வருவாய்க்குக் கணக்கு எழுதி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கைக்குப் பழகிய பொருளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். ஒருவருக்குக் கிரிக்கெட் மட்டை தெரியும், ஒருவருக்குச் சமையல் பாத்திரம் தெரியும், ஒருவருக்குப் போட்டித் தேர்வு நூல்கள் தெரியும். ஊரில் பார்த்து வாங்க வழியில்லாத ஒருவருக்கு அந்த அறிவு உண்மையாகவே உதவும். அதற்குக் கூலி பெறுவதில் இழுக்கு ஏதுமில்லை. அப்புச்சியும் பெற்றார்.

என் கணக்கு இன்னும் முடியவில்லை. விற்றவை 17. அக்கா ஒருவர், மீதி 16 பேர். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. எத்தனை விற்றன என்பதைத்தான் நிறுவனம் எனக்குக் காட்டுகிறது. வாங்கியவர் பெயரையோ ஊரையோ காட்டுவதில்லை. அவர்களில் எத்தனை பேர் சீட்டுப் பணத்தில் வாங்கினார்களோ! எத்தனை வீட்டில் பட்டுத் துணி கிழிந்ததோ! ஆகவே அந்தப் பக்கத்தில் இன்னொரு வரியையும் சேர்த்தேன்: "இங்கே நான் எழுதியதை நம்பி இந்த மெஷினை வாங்கியவர்கள் எனக்கு எழுதுங்கள். உங்களால் எனக்குக் கிடைத்த 126 ரூபாயை உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன்."

இதுவரை இரண்டு பேர் எழுதினார்கள். இருவருக்கும் அனுப்பிவிட்டேன். இன்னும் 14 பேர். அவர்களுக்கான 1,764 ரூபாயைப் பின்னர் வந்த வருவாயிலிருந்து தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவின் மோட்டாருக்குச் சேர்க்கும் பணம் வேறு கணக்கில் இருக்கிறது. அதற்கு இன்னும் 900 ரூபாய் வேண்டும்.